176: சங்கரன்கோவில் வாக்கின் எடை



நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அமெரிக்க அதிபர் தேர்தல் வரும்போது நம் வீடுகளிலும் ஒரு கேள்வி எழுகிறது. அதிக மக்களின் வாக்கைப் பெற்றவர் எப்படித் தோற்றுப்போக முடியும்? மாநிலங்களுக்கு வாக்கு உண்டு என்கிறார்களே, அது என்ன கணக்கு? பிள்ளைகள் கேட்கும்போது பெரியவர்கள் பலர், "அது அந்த நாட்டு வழக்கம்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

ஆனால் அதைப் போன்றதொரு கணக்கு நம் ஊருக்கும் உண்டு. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் சங்கரன்கோவில் சட்டமன்ற உறுப்பினர் அளிக்கும் ஒரு வாக்கின் மதிப்பு 1 அன்று, 176. இந்த எண் எங்கிருந்து வந்தது, யாரை எண்ணி வந்தது, எந்த ஆண்டில் எண்ணி வந்தது என்பதை அறிந்தால், தேர்தலைப் பற்றி நாம் அதிகம் பேசாத ஓர் உண்மை விளங்கும். வாக்கின் எடை வாக்குச்சாவடியில் தீர்மானிக்கப்படுவதில்லை. அதற்கு வெகுமுன்னரே, மக்கள் தொகைக் கணக்கெடுப்பிலும் தொகுதிகளின் எல்லைக் கோட்டிலும் அது தீர்மானமாகிவிடுகிறது. எண்ணிக்கையில் சிறிய சமுதாயமாகிய நாம் இதை அறிந்திருப்பது மிகவும் அவசியம்.

அமெரிக்கா: எண்ணப்பட்டார்கள், ஆனால் கேட்கப்படவில்லை

அமெரிக்க மக்கள் தங்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலந்தோறும் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தேர்வாளர்களே அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு மாநிலத்துக்கு மக்களவையில் எத்தனை உறுப்பினரோ அத்தனையும், செனட் அவையின் இருவரும் சேர்ந்ததே அதன் தேர்வாளர் எண்ணிக்கை. தலைநகர் வாஷிங்டனுக்குரிய 3 பேரையும் சேர்த்து மொத்தம் 538. வெற்றிக்கு 270 வேண்டும். 48 மாநிலங்களில், ஒரு வாக்கு அதிகம் பெற்றவருக்கே அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும் போய்ச் சேருகிறார்கள். மெய்ன், நெப்ராஸ்கா ஆகிய இரண்டும் மட்டுமே விதிவிலக்கு.

இதன் விளைவை 2000-ஆம் ஆண்டில் உலகம் கண்டது. நாடு முழுவதும் அல் கோர் ஏறத்தாழ ஐந்து லட்சம் வாக்குகள் அதிகம் பெற்றார். ஆனால் ஃபுளோரிடாவில் 537 வாக்குகளில் பின்தங்கியதால் அம்மாநிலத்தின் 25 தேர்வாளர்களையும் இழந்தார். ஜார்ஜ் புஷ் 271 பெற்று அதிபரானார். 2016-இல் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கும் மேல் அதிக வாக்குப் பெற்றும் தோற்றார்.

செனட் அவையில் எல்லா மாநிலங்களுக்கும் இரண்டிரண்டு இடங்கள் என்பதால் சிறிய மாநிலத்தின் குரல் பெரிதாகிறது. 2020 கணக்கெடுப்பின்படி ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கு 3 தேர்வாளர்கள். ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கு 54. வகுத்துப் பார்த்தால் வயோமிங்வாசியின் வாக்குக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு எடை.

இதைவிட ஆழ்ந்த அநீதி ஒன்று இந்த முறையின் தொடக்கத்திலேயே இருந்தது. 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் அரசமைப்பை எழுதியவர்கள், அடிமைகளை எப்படி எண்ணுவது என்று வாதிட்டார்கள். ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது என்று உடன்பாடு கண்டார்கள். அந்த அடிமைகளுக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் அவர்களை எண்ணிக் கிடைத்த கூடுதல் இடங்கள் அவர்களுடைய எசமானர்களின் மாநிலங்களுக்குச் சேர்ந்தன. முதல் ஐந்து அதிபர்களில் நால்வர் வர்ஜீனியாவிலிருந்து வந்ததற்கு இக்கணக்கும் ஒரு காரணம்.

அப்படி ஐந்துக்கு மூன்றாக எண்ணப்பட்டவர்களுள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட முஸ்லிம்களும் இருந்தார்கள். உமர் இப்னு சயீத் என்னும் மார்க்கம் கற்றவர் 1807-இல் அடிமையாகக் கொண்டு செல்லப்பட்டார். வட கரோலினாவில் அடிமையாகவே இருந்து, 1831-இல் தம் வாழ்க்கையை அரபு மொழியில் எழுதிவைத்தார். ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் அவரைப் போன்றோர் தலைகள் எண்ணப்பட்டன. அவர்களுடைய விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. எண்ணப்படுவதும் கேட்கப்படுவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வரலாற்றில் அரிது.

அதே நாட்டில் இன்று நிலை மாறியிருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் நகரைச் சுற்றி அரபு முஸ்லிம்கள் செறிந்து வாழ்கிறார்கள். 2024 பிப்ரவரியில் நடந்த கட்சி உள்தேர்தலில், காஸாவின் நிலை குறித்த எதிர்ப்பைக் காட்ட, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எந்த வேட்பாளரையும் ஏற்காத வாக்கை அளித்தார்கள். அவர்கள் அனைவரும் முஸ்லிம்கள் அல்லர். ஆயினும் அந்த இயக்கம் தொடங்கியது முஸ்லிம் குடும்பங்களிடமிருந்து. அதே எண்ணிக்கையினர் கலிஃபோர்னியாவில் சிதறி வாழ்ந்திருந்தால் செய்தித்தாளில்கூட இடம்பெற்றிருக்க மாட்டார்கள். முடிவு எப்பக்கமும் சாயக்கூடிய மாநிலத்தில் வாழ்ந்ததால் நாடே அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

நம் நாட்டின் கணக்கு

நம் அரசமைப்பின் 54, 55-ஆம் பிரிவுகள் குடியரசுத் தலைவர் தேர்தலை வகுக்கின்றன. நாடாளுமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் மாநிலச் சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் வாக்களிப்பார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் மக்கள் தொகைக்கேற்ற எடை கிடைக்க வேண்டும். எல்லா மாநிலங்களின் எடையும் நாடாளுமன்றத்தின் எடையும் சமமாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் அடிப்படை விதிகள்.

மாநிலத்தின் மக்கள் தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை மீண்டும் ஆயிரத்தால் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டின் மக்கள் தொகை 4,11,99,168. உறுப்பினர்கள் 234. வகுத்தால் கிடைப்பது 176. 234 பேருக்கும் சேர்த்து 41,184.

உத்தரப் பிரதேச உறுப்பினரின் வாக்கு மதிப்பு 208. அதுவே நாட்டில் மிக அதிகம். ஜார்க்கண்ட் உறுப்பினருக்கு நம்மைப் போலவே 176. கேரளத்துக்கு 152. சிக்கிமுக்கு 7. 2022 தேர்தலில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 700.

அமெரிக்க முறையோடு ஒப்பிட்டால் இரண்டு வேறுபாடுகள் உள்ளன. முதலாவது, இங்கே மாநிலத்தின் வாக்கு மொத்தமாக ஒருவருக்குப் போவதில்லை. ஒவ்வோர் உறுப்பினரும் தனித்தனியே, இரகசியமாக வாக்களிக்கிறார். கட்சிக் கொறடாவின் கட்டளை அங்கே செல்லாது. இரண்டாவது, வாக்காளர் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்தலாம்.

இந்த இரண்டாம் விருப்பம் ஒருமுறை வரலாற்றையே மாற்றியது. 1969-இல் வி.வி.கிரியும் நீலம் சஞ்சீவ ரெட்டியும் போட்டியிட்டபோது, முதல் சுற்றில் கிரி 4,01,515 பெற்றும் தேவையான அளவை எட்டவில்லை. இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பின் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650 மட்டுமே. அன்று தமிழகத்தில் ஆட்சியிலிருந்த தி.மு.க. கிரியை ஆதரித்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் மொத்த வாக்கு மதிப்பு அப்போது முப்பதாயிரத்துக்கும் அதிகம் என்பதை நினைத்துப் பார்த்தால், சென்னைக் கோட்டையில் விழுந்த வாக்குகள் டில்லியில் எவ்வளவு எடை கொண்டிருந்தன என்பது புரியும்.

இத்தேர்தல் முறை டாக்டர் ஜாகிர் ஹுசைனை 1967-இலும், ஃபக்ருத்தீன் அலி அஹ்மதை 1974-இலும், இராமேசுவரத்து அப்துல் கலாமை 2002-இலும் நாட்டின் தலைமைக்கு உயர்த்தியது. கலாம் பெற்றது 9,22,884. அவரை எதிர்த்து நின்ற கேப்டன் லட்சுமி சாகல் பெற்றது 1,07,366. இருவருமே தமிழ் மண்ணோடு தொடர்புடையவர்கள். கலாமுக்குத் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் ஒருசேர ஆதரவளித்தன. மூவரில் எவரும் முஸ்லிம் வாக்குகளால் மட்டும் வென்றவர் அல்லர். அப்படி வெல்லவும் இயலாது.

சங்கரன்கோவிலின் 176 இதில் எப்படிச் சென்றது? 2012 மார்ச்சில் நம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. நான்கு மாதங்களில் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தது. தொகுதியை வென்றிருந்த அ.தி.மு.க. சங்மாவை ஆதரித்தது. வென்றவர் பிரணாப் முகர்ஜி. 2017-இல் அதே கட்சி ராம்நாத் கோவிந்தை ஆதரித்தது. அவர் வென்றார். 2021-இல் தொகுதி தி.மு.க. வசமாயிற்று. 2022-இல் அக்கட்சி ஆதரித்த யஷ்வந்த் சின்கா தோற்று, திரௌபதி முர்மு வென்றார். சட்டமன்றத் தேர்தலன்று நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாம் அழுத்திய பொத்தான் இத்தனை தூரம் பயணம் செய்கிறது என்பது நம்மில் பலர் நினையாத ஒன்று.

28 இடங்களின் பாடம்

எண்ணிக்கையில் சிறிய சமுதாயம் தன் குரலை எப்படிக் காப்பது என்ற கேள்வி நம் முன்னோர்க்கும் இருந்தது. 1906-இல் ஆகா கான் தலைமையில் சிம்லாவில் வைஸ்ராயைச் சந்தித்த தூதுக்குழு, முஸ்லிம்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் முறையைக் கோரியது. 1909-ஆம் ஆண்டின் மிண்டோ - மார்லி சீர்திருத்தத்தில் அது சட்டமாயிற்று. முஸ்லிம் இடங்களுக்கு முஸ்லிம்கள் மட்டுமே வாக்களிப்பார்கள். இதனைத் தனி வாக்காளர் முறை என்பர். ஒடுக்கப்பட்டோருக்காக இன்று ஒதுக்கப்படும் தனித் தொகுதியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தனித் தொகுதியில் வேட்பாளர் மட்டுமே குறிப்பிட்ட பிரிவினர். வாக்களிப்பவர்கள் எல்லா மக்களும்.

1916 இலக்னோ உடன்படிக்கையில், சென்னை மாகாணத்தில் முஸ்லிம்களுக்கு 15 விழுக்காடு இடங்கள் என்று காங்கிரசும் முஸ்லிம் லீக்கும் ஒப்புக்கொண்டன. மக்கள் தொகையில் நம் பங்கு அதில் பாதியளவுகூட இல்லை. பின்னர் 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 28 முஸ்லிம்களுக்கு ஒதுக்கப்பட்டன. சொத்தும் வரியும் கல்வியும் உடையவர்களுக்கே வாக்குரிமை இருந்த காலம் அது. 1946 தேர்தலில் அந்த முஸ்லிம் இடங்களை முஸ்லிம் லீக் முழுமையாக வென்றது. திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிபு எதிர்க்கட்சித் தலைவரானார்.

முழு வெற்றிதான். ஆனால் எதிரே காங்கிரசுக்கு 160-க்கும் மேற்பட்ட இடங்கள். அந்த 160 பேரில் எவருக்கும் முஸ்லிம் வாக்கு தேவைப்படவில்லை. முஸ்லிம் வீட்டு வாசலில் அவர்கள் நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. நமக்குரிய இடங்கள் பத்திரமாக இருந்தன. மற்ற இடங்களில் நம் எடை பூச்சியமாக இருந்தது. தனி வாக்காளர் முறையை மதிப்பிடும்போது இந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1947 ஆகஸ்டில் அரசமைப்பு நிர்ணய சபையில், தனி வாக்காளர் முறை தொடர வேண்டும் என்று சென்னை மாகாணத்தின் போக்கர் சாகிபு திருத்தம் கொண்டுவந்தார். சபை அதை நிராகரித்தது. 1949 மே மாதம் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீடும் கைவிடப்பட்டபோது, இஸ்மாயில் சாகிபு எழுந்து நின்று தம் கோரிக்கையை மீண்டும் வைத்தார். பிரிவினையின் இரத்தம் உலராத அந்நாளில், அந்தச் சபையில், அவ்வாறு பேசுவதற்குப் பெரும் துணிவு வேண்டும். அவர் கோரிக்கை தோற்றது.

அதன் பிறகு அவர் செய்ததே நமக்குரிய பாடம். கோரிக்கை தோற்றதற்காக அவர் ஒதுங்கிவிடவில்லை. 1948-இல் சென்னையில் தொடங்கிய இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கைப் பொது வாக்காளர் முறைக்குள் நடத்திச் சென்றார். கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியில் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வென்றார். 1967-இல் தமிழகத்தில் தி.மு.க. கூட்டணியில் லீக் இடம்பெற்று, ஆட்சி மாற்றத்தில் பங்கேற்றது. பிறரின் வாக்கையும் பெற வேண்டிய களத்தில், தம் அடையாளத்தை மறைக்காமலேயே பிறரின் நம்பிக்கையையும் பெற முடியும் என்று அவர் காட்டினார்.

சங்கரன்கோவிலின் கதை

1962 தேர்தலில் சங்கரன்கோவில் தொகுதியில் வென்றவர் காங்கிரஸ் வேட்பாளர் எஸ்.எம்.அப்துல் மஜீத். காமராசர் அமைச்சரவையிலும் அவர் இடம்பெற்றார். சங்கரநாராயணர் கோயிலால் பெயர்பெற்ற ஊர், ஆடித்தபசுக்கு இலட்சக்கணக்கானோர் கூடும் ஊர், முஸ்லிம்கள் சிறுபான்மையினராக வாழும் ஊர், ஒரு முஸ்லிமைத் தன் பிரதிநிதியாகச் சென்னைக்கு அனுப்பியது. தனி வாக்காளர் முறையில் இப்படியொரு வெற்றிக்கு இடமே இருந்திருக்காது. அவ்வாண்டு மே மாதம் டாக்டர் இராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவராகத் தேர்வானபோது, நம் தொகுதியின் வாக்கு அப்துல் மஜீத் அவர்களின் கையில் இருந்தது.

அடுத்த தேர்தலில் எல்லைகள் மாறின. 1967 முதல் சங்கரன்கோவில் தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதி. நம் ஊர் அடங்கிய தென்காசி நாடாளுமன்றத் தொகுதியும் தனித் தொகுதியே. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற முடியும். ஆகவே சங்கரன்கோவிலில் வாழும் முஸ்லிம் ஒருவர் தம் சொந்தத் தொகுதியில் சட்டமன்றத்துக்கும் நிற்க முடியாது, நாடாளுமன்றத்துக்கும் நிற்க முடியாது.

இதை ஒரு குறையாகச் சொல்வோர் உண்டு. முஸ்லிம்கள் செறிந்து வாழும் தொகுதிகள் சில மாநிலங்களில் தனித் தொகுதிகளாக்கப்பட்டிருப்பதைச் சச்சார் குழுவும் 2006-இல் சுட்டிக்காட்டியது. ஆனால் நம் பகுதியில் இதைப் பேசும்போது நீதி தவறக் கூடாது. நூற்றாண்டுகளாக ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களுக்குச் சட்டமன்றத்தில் இருக்கை உறுதியாவது நியாயம். வேட்பாளராக நிற்கும் உரிமை இங்கே சுருங்கியிருக்கலாம். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சிறிதும் குறையவில்லை. தாழ்த்தப்பட்ட சகோதரர் ஒருவர் நம் வாக்கையும் கேட்டு நம் தெருவுக்கு வருகிறார். அது நல்லுறவுக்கு வாய்ப்பாகுமே தவிர இழப்பாகாது.

அருகிலுள்ள கடையநல்லூர் பொதுத் தொகுதி. முஸ்லிம்கள் அங்கே கணிசமாக வாழ்கிறார்கள். 2016-இல் முஸ்லிம் லீக் வேட்பாளர் முகம்மது அபூபக்கர் அங்கே 1,194 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். எதிர்த்து நின்ற முக்கிய வேட்பாளரும் முஸ்லிமே. எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வாழும் முஸ்லிமுக்கும் இந்தப் பக்கம் வாழும் முஸ்லிமுக்கும் அரசியல் வாய்ப்பு எவ்வளவு வேறுபடுகிறது என்பதற்கு நம் இரு ஊர்களே சான்று.

தென்காசித் தொகுதியைப் பொதுவாக மாற்றக் கோரி மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்கொன்று தொடரப்பட்டது. 2021 ஆகஸ்டில் நீதிபதிகள் கிருபாகரன், புகழேந்தி அமர்வு அக்கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு பெரிய கேள்வியை எழுப்பியது. தமிழகத்துக்கு 1962-இல் இருந்த 41 நாடாளுமன்ற இடங்கள் 1967-இல் 39 ஆகக் குறைந்தது ஏன்? குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செயல்படுத்திய மாநிலத்துக்குக் கிடைத்த பரிசு இதுவா? நம் தொகுதியின் வழக்கு, மாநிலம் முழுவதற்குமான கேள்வியாக வளர்ந்தது.

1971-இல் நின்ற கடிகாரம்

மேலே தமிழ்நாட்டின் மக்கள் தொகை 4,11,99,168 என்று குறித்தோம். இன்று நாம் ஏழு கோடிக்கும் மேற்பட்டவர்கள். அப்படியானால் இந்த எண் எது? அது 1971-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. 1976-இல் நிறைவேறிய 42-ஆவது அரசமைப்புத் திருத்தம், மக்கள் தொகையைக் கட்டுப்படுத்தும் மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காக, 1971 கணக்கையே 2000 வரை நிறுத்திவைத்தது. பின்னர் 84-ஆவது திருத்தம் அதை, 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகும் வரை நீட்டித்தது. அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கு மாறுகிறது. அதனால்தான் கலிஃபோர்னியாவின் 55 இன்று 54 ஆகவும், டெக்சாசின் 38 இன்று 40 ஆகவும் மாறியுள்ளன. நம் நாட்டிலோ கடிகாரம் அரை நூற்றாண்டாக நின்றிருக்கிறது.

அந்தக் கடிகாரம் மீண்டும் ஓடத் தொடங்கும் நேரம் நெருங்கிவிட்டது. 2027 மார்ச் 1-ஐக் கணக்கெடுப்பின் நாளாக ஒன்றிய அரசு அறிவித்துள்ளது. புதிய கணக்கு நடைமுறைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை 2011 கணக்கைக் கொண்டு நாமே வகுத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் மக்கள் தொகை 7,21,47,030. உறுப்பினர் 234 என்றே வைத்துக்கொண்டால் ஒருவரின் வாக்கு மதிப்பு 308. உத்தரப் பிரதேசம் 19,98,12,341. உறுப்பினர் 403. ஒருவரின் மதிப்பு 496. இன்று அவர்களுடைய 208-க்கு நம்முடைய 176, அதாவது நூற்றுக்கு எண்பத்தைந்து. அன்று நூற்றுக்கு அறுபத்திரண்டு. எண் 176-இலிருந்து 308 ஆக உயரும். எடையோ குறையும். மாநிலச் சட்டமன்றங்களின் மொத்த வாக்கில் தமிழகத்தின் பங்கு ஏறத்தாழ ஏழரை விழுக்காட்டிலிருந்து ஆறாக இறங்கும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு மனிதருக்கு ஒரே மதிப்பு என்பது மக்களாட்சியின் அடிப்படை. உத்தரப் பிரதேசத்தில் பிறந்த குழந்தையை 1971-இன் கணக்கில் எண்ணாமல் விடுவது அதற்கு இழைக்கும் அநீதி என்று வாதிடுவோரிடமும் நியாயம் இருக்கிறது. மிகப் பெரிய எண்ணிக்கையிலான முஸ்லிம்கள் வாழ்வதும் அந்த மாநிலத்தில்தான். இரண்டு நியாயங்கள் மோதும் இடம் இது. எவருடைய உழைப்பும் தண்டனையாகாமல், எவருடைய தலையும் எண்ணப்படாமல் போகாமல் ஒரு தீர்வு காண்பது நாடாளுமன்றத்தின் கடமை. அந்தத் தீர்வைக் கேட்டுப் பெறுவது குடிமக்களின் கடமை.

நம் கையில் உள்ளவை

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் இரண்டாம் அகபா உடன்படிக்கை நமக்குத் தெரிந்ததே. மதீனாவிலிருந்து வந்த எழுபதுக்கும் மேற்பட்டோரிடம், உங்களிலிருந்து பன்னிரண்டு பொறுப்பாளர்களை நீங்களே தேர்ந்து தாருங்கள் என்று நபியவர்கள் கேட்டார்கள். வந்திருந்தோரில் கஸ்ரஜ் குலத்தார் அதிகம், அவ்ஸ் குலத்தார் குறைவு. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கஸ்ரஜிலிருந்து ஒன்பது பேர், அவ்ஸிலிருந்து மூன்று பேர். எண்ணிக்கையில் பெரியோர்க்கு உரிய பங்கு கிடைத்தது. சிறியோரும் விடுபடவில்லை. வாக்கு என்பது சாட்சியம், அது அமானிதம் என்று நம் உலமாக்கள் கூறுவதும் இந்த வழியில் வந்த சிந்தனையே.

அமானிதத்தைப் பேணுவது வாக்குப்பதிவு நாளுக்கு வெகுமுன்னர் தொடங்குகிறது. கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வரும்போது, "இப்போது ஆண்கள் இல்லை, பிறகு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். வீட்டிலுள்ள பெண்களே விவரம் சொல்லலாம். முதியவரும் கைக்குழந்தையும் விடுபடாமல், பெயர்கள் பிழையின்றிப் பதியப்பட வேண்டும். ஒரே நபரின் பெயர் ஆதாரில் ஒரு விதமாகவும் வாக்காளர் அட்டையில் வேறு விதமாகவும் இருப்பது நம் வீடுகளில் மிகப் பரவலான குறை. சரிபார்ப்பு வரும் நாளில் அதுவே தடையாகிறது.

வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்க வேண்டும். பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைகளின் பெயரைச் சேர்க்க வேண்டும். மணமாகி வந்த மருமகளின் பெயரைப் பிறந்த ஊரிலிருந்து இவ்வூருக்கு மாற்ற வேண்டும். மௌத்தானவர்களின் பெயரை நாமே முன்வந்து நீக்கச் செய்ய வேண்டும். வளைகுடாவில் பணிபுரிவோர் வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிந்துகொள்ள 2010 முதல் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் வாக்களிக்க நேரில் வந்தாக வேண்டும். ஆகவே விடுமுறையைத் தேர்தல் காலத்தோடு பொருத்திக்கொள்ள முடிந்தவர்கள் அவ்வாறு செய்வது நல்லது. இந்தப் பணிகளுக்கு ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். படித்த இளைஞர் இருவர் உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். அண்டை வீட்டு இந்து, கிறிஸ்தவச் சகோதரர்களின் படிவத்தையும் சேர்த்தே நிரப்பிக் கொடுக்கலாம்.

தொகுதி மறுவரையறை வரும்போது வரைவு எல்லைகள் வெளியிடப்பட்டுப் பொதுமக்களின் கருத்துக் கேட்கப்படும். 2008-இல் நடைமுறைக்கு வந்த மறுவரையறையின்போதும் அவ்வாறே நடந்தது. எல்லைக் கோடு நம் தெருவை எங்கே சேர்க்கிறது என்பதை அப்போதே பார்த்து, காரணத்தோடு மனு எழுதித் தர வேண்டும். கோடு உறுதியான பின் முப்பது ஆண்டுகள் புலம்புவதில் பயனில்லை.

தமிழ்நாட்டில் நாம் 2011 கணக்கின்படி நூற்றுக்கு ஆறுக்கும் சற்றுக் குறைவு. ஏறத்தாழ 42 லட்சம் பேர். இந்த எண்ணிக்கை தனித்து எதையும் வெல்லாது. பிறரோடு சேரும்போது எதையும் மாற்றவல்லது. சங்கரன்கோவிலின் அடுத்த உறுப்பினர் எந்தக் கட்சியினராயினும், அவருடைய வாக்கு மதிப்புக்குப் பின்னால் 1971-இல் எண்ணப்பட்ட நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் இருக்கிறார்கள். அடுத்த எண்ணுக்குப் பின்னால் நம் பிள்ளைகள் இருக்க வேண்டுமானால், கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும் நாளில் நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். அதற்கான ஆற்றலையும் தெளிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.